ரயில்வே கேட்டில் ஒரு பொய்ச்சாட்சி

அந்த வக்கீலிடம் ஒரு கேஸைக் கொண்டுபோனால், கட்டைப் பிரிப்பதற்கு முன்னாலேயே உங்கள் தாத்தா எந்தத் தெருவில் குடியிருந்தார் என்று கேட்டுவிடுவார். சொத்துத் தகராறுக்கு வந்தவர் பாவம், வந்த வேலையை விட்டுவிட்டு, தாத்தா வீட்டுக்கு எதிரே இருந்த மாவு மில்லை எந்த வருஷம் மூடினார்கள் என்று மண்டையைக் குடைந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வாய்தா வாங்குவதில் மனிதர் கில்லாடி. வாங்குகிற வாய்தாவெல்லாம் எதற்கு என்கிறீர்கள்? ஊரின் முதல் தபாலாபீஸ் யார் வீட்டு மாடியில் நடந்தது, பழைய தண்ணீர்த் தொட்டியை யார் இடித்தார்கள் என்று அலைவதற்கு. கோர்ட்டு வட்டாரத்தில் அவருக்குச் 'சரித்திரம்' என்றே பெயர். "சரித்திரம் வந்தாச்சா?" "இல்ல, சரித்திரம் டீ குடிக்கப் போயிருக்கு." முகத்துக்கு நேராகச் சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். உள்ளுக்குள் குளுகுளு என்றுதான் இருக்கும்.

சும்மா சொல்லக்கூடாது, ஆள் கெட்டவர் இல்லை. ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரே அறைதான் ஆபீஸ். ஒரு சுவரில் சட்டப் புத்தகங்கள், தூசி தட்டி மாமாங்கம் ஆயிற்று. மற்ற மூன்று சுவரிலும் ஊர்தான். மங்கிப்போன வரைபடங்கள், மூடிப்போன கம்பெனிகளின் காலண்டர்கள், யார் யாரோ தூக்கிப்போட்ட குரூப் போட்டோக்கள். அவருடைய அப்பா பஸ் கண்டக்டர். பிள்ளை பெரிய வக்கீலாகிக் கார் வாங்குவான் என்று காத்திருந்தவர், கடைசிவரைக்கும் பஸ்ஸில்தான் போய்வந்தார். கோர்ட்டில் இவர் எழுந்து நின்றால் நீதிபதி கடிகாரத்தைப் பார்ப்பார். அதே ஆள் டீக்கடையில் ஊர்க்கதையை எடுத்துவிட்டால், குடிக்கிறவன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பான். எங்கே மரியாதை கிடைக்கிறதோ அங்கேதானே கால் போகும்? இவருக்கும் போயிற்று.

ஊர்ச் சரித்திரத்தைப் புத்தகமாகப் போட்டார். இருபது, முப்பது பேர் படித்தார்கள். அந்தச் சமயத்தில்தான் எங்கேயோ வெளியூருக்குப் போன இடத்தில், ஒரு பழைய கோட்டையில் அந்தக் காலத்துச் சிப்பாய் உடுப்பில் நின்றுகொண்டு, வருகிறவர்களிடம் அந்தக் காலத்து ஆளாகவே பேசுகிறவர்களைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான், தூக்கம் போயிற்று. புத்தகத்தை யார் படிக்கிறார்கள், ஆளாகவே போய் நின்றுவிட்டால் ஊரே பார்க்குமே! 'வாழும் சரித்திரம்' என்று பெயர்கூட வைத்துவிட்டார். யாராக நிற்பது என்பதில் அவருக்கு யோசனையே தேவைப்படவில்லை. ரயில்வே கேட் கீப்பராகத்தான்.

அது எழுபது வருஷத்துக் கதை. ஊருக்கு வெளியே தண்டவாளம் சாலையைக் கடக்கிற இடத்தில் ஒரு கேட் இருந்தது. நூல் மில்லில் வேலை முடிந்த ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்த லாரி, தண்டவாளத்தின் மேல் ஏறும்போது ரயில் வந்து அடித்தது. பதினோரு பேர் போய்விட்டார்கள். கேட் மூடியிருக்க வேண்டும், மூடவில்லை. கேட் கீப்பரை வேலையை விட்டு நீக்கினார்கள். அவர் குடும்பத்தோடு ஊரைவிட்டே போய்விட்டார். எங்கே போனார், என்ன ஆனார் என்று யாரும் தேடவில்லை. ஏன் மூடவில்லை என்பதும் யாருக்கும் தெரியாது. வக்கீலின் புத்தகத்தில், முதல் பதிப்பில், அப்படியேதான் இருந்தது: 'காரணம் தெரியவில்லை.' அந்த இரண்டு வார்த்தைக்காக அந்தப் பதிப்பைக் கையெடுத்துக் கும்பிடலாம். அதோடு விட்டிருக்கக் கூடாதா மனிதர்!

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், விபத்து நடந்த அதே தேதியில், முதல் தடவையாக அந்தக் கேட்டில் போய் நின்றார். ரயில் அந்த வழியாகப் போவது நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. கேபினும் துருப்பிடித்த கேட்டும் மட்டும் பாழடைந்து நின்றன. மனைவி தைத்துக்கொடுத்த காக்கிச் சட்டை, தலையில் தொப்பி, கழுத்தில் விசில், கையில் சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும். ஸ்டேஷனிலிருந்து எப்படி போன் வரும், கேட்டை எப்படிச் சுற்றி இறக்குவார்கள், விளக்கை எங்கே மாட்டுவார்கள் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். எல்லாம் சரியான தகவல்தான். கூட்டம் என்று வந்திருந்தது ஒரு முப்பது பேர். கால் மணி நேரத்தில் பாதிப்பேர் செல்போனை நோண்ட ஆரம்பித்தார்கள். ஒரு குடும்பம் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கம்பி நீட்டியது. கோர்ட்டில் பார்த்துப் பழகிய முகங்கள் மாதிரியே இருந்தன எல்லா முகங்களும். அவருக்குத் தொண்டை வறண்டுபோயிற்று. பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார்.

பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "என்ன சார், சரக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். இவருக்கும் சிரிப்பு வந்தது. இன்னொரு மடக்குக் குடித்துவிட்டு லேசாகத் தள்ளாடினார். போய்க்கொண்டிருந்த குடும்பம் நின்று திரும்பிப் பார்த்தது. அப்புறம் என்ன, விசிலை வாயில் வைத்துக்கொண்டு கேட்டின் கைப்பிடியைப் பிடிக்கப் போய் பிடி தவறிப் பொத்தென்று உட்கார்ந்தார். வாயிலிருந்த விசில் கீச்சென்று கத்தியது. ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரித்து ஓய்கிற நேரம் பார்த்து எழுந்து நின்று, தண்டவாளத்தைப் பார்த்து ஒரு அலறல். கூட்டம் கப்சிப். இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். சிரிக்க வைத்து, அதே கையோடு அழவும் வைத்தாயிற்று. அன்றைக்கு அவர் கால் தரையில் பாவாமல் வீடு வந்து சேர்ந்தார்.

அதற்கப்புறம் பாட்டில் இல்லாமல் கேட் கீப்பர் இல்லை. வருஷத்துக்கு வருஷம் கூட்டம் கூடியது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துவந்தார்கள். போக்குவரத்துப் போலீஸ்காரர்கள் ஒருபடி மேலே போய், குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள் என்று பின்னால் ஒரு பேனரே கட்டிவிட்டார்கள்.

நாலைந்து வருஷம் கழித்துப் புத்தகத்துக்கு இரண்டாம் பதிப்பு வந்தது. இந்தத் தடவை 'ஊர் நினைவுகள்' என்று ஒரு அத்தியாயம் சேர்க்கலாம் என்று வயதானவர்களிடம் போய்க் கேட்டு எழுதினார். சைக்கிள் கடைக்காரர், ஓய்வுபெற்ற நர்ஸ், ஓய்வுபெற்ற தபால்காரர் என்று மூன்று பேர், மூன்று தெரு, ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தைகூடக் கிடையாது. மூன்று பேரும் தனித்தனியாக ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: "அந்த ஆளு அன்னைக்குக் குடிச்சிருந்தாரு சார்." வக்கீலுக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று சாட்சிகள்! எந்தக் கோர்ட்டில் தள்ளுபடி ஆகும் இது? 'காரணம் தெரியவில்லை' என்பதை அடித்துவிட்டு, 'பணியின்போது மது அருந்தியிருந்தார் என ஊர்ப் பெரியவர்கள் ஒருமித்துக் கூறுகின்றனர்' என்று எழுதினார். என்ன நடந்திருக்கிறது என்று உங்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். முப்பது வருஷம் குறுக்கு விசாரணை செய்த அந்த மகாபுத்திசாலிக்கு மட்டும் விளங்கவில்லை.

விளங்க வைத்தவர் இன்னொரு வக்கீல். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறு கோர்ட்டிலிருந்து மாறி வந்த பெண்மணி. தொட்டதற்கெல்லாம் நோட்டீஸ் அனுப்புவதால் நோட்டீஸம்மா என்று பெயர் விழுந்துவிட்டது. இந்த வருஷம் விபத்தின் எழுபதாவது வருஷம். நகராட்சி கேபினைப் புதுப்பித்து நினைவுச்சின்னமாக்கி, பளிங்குக் கல்லில் விபத்தின் வரலாற்றை எழுதி வைக்கப்போகிறது. வாசகம் நம்முடைய வக்கீலின் புத்தகத்திலிருந்து. திறப்புவிழாவுக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது, வக்கீல்கள் அறையில் நோட்டீஸம்மா அவர் எதிரே வந்து உட்கார்ந்து அந்தப் புத்தகத்தை மேஜைமேல் வைத்தார்.

"சார், ஒரு சின்னக் குறுக்கு விசாரணை. நேரம் இருக்கா?"

"உங்களுக்கு இல்லாததா மேடம்? கேளுங்க."

"கேட் கீப்பர் குடிச்சிருந்தார்னு எழுதியிருக்கீங்க. பார்த்தது யாரு?"

"மூணு பேர் சொல்லியிருக்காங்க."

"சொன்னது மூணு பேர். பார்த்தது யாரு?"

அவர் சிரித்து மழுப்பப் பார்த்தார். "ஊருக்கே தெரிஞ்ச விஷயம் மேடம் அது."

"செவிவழிச் சாட்சியம். இதையே நான் கோர்ட்ல கொண்டுவந்தா என்னைச் சும்மா விடுவீங்களா?"

"சரி விடுங்க. உங்களுக்கு இதுல என்ன இவ்வளவு அக்கறை?"

"அவர் எங்க அம்மாவோட அப்பா."

 பக்கத்து மேஜையில் வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தவர்கள் கொறிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"அம்மா என்கூடத்தான் இருக்காங்க. சாகறதுக்குள்ள ஒரு தடவை பொறந்த ஊர்ல இருக்கணும்னாங்க, அதுக்குத்தான் மாத்திக்கிட்டு வந்தேன். வந்து பார்த்தா, எங்க தெருப் பசங்க உங்களை மாதிரியே தள்ளாடிக் காட்டி விளையாடறாங்க. அம்மா ஜன்னல்கிட்ட உக்காந்து அதைப் பாக்கறாங்க. நான் இழுத்து மூடினாலும் மறுபடி திறந்து வெச்சுக்கிட்டுப் பாக்கறாங்க." நோட்டீஸம்மா புத்தகத்தை அவர் பக்கம் தள்ளினார். "எங்க தாத்தா வாழ்நாள்ல ஒரு சொட்டு குடிச்சவர் இல்ல சார். இப்ப கல்லுலயே வெட்டப் போறீங்களாம். அதையும் பாத்துட்டுத்தான் எங்கம்மா போகணுமா?"

வக்கீல் எழுந்தார். மத்தியானக் கேஸுக்கு வாய்தா வாங்கிக்கொண்டு நேராகச் சைக்கிள் கடைக்குப் போனார்.

கடைக்காரர் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். "வாங்க சார். இந்த வருஷம் பெரிய கூட்டமாமே!"

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். அந்த கேட் கீப்பர் குடிச்சிருந்தார்னு எனக்குச் சொன்னீங்களே. உங்களுக்கு யார் சொன்னது?"

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? நீங்கதான்."

"நானா? நான் எப்பச் சொன்னேன்?"

"சொல்லல, காட்டினீங்க. மொத வருஷம் மொத வரிசைல நின்னேனே நானு! விசில் வாயில கீச்சுன்னு... யப்பா!" கடைக்காரருக்கு இப்போதும் சிரிப்பு அடங்கவில்லை.

"அதுக்கு முன்னாடி? உங்க வீட்ல யாராவது சொல்லியிருப்பாங்களே. உங்கப்பா?"

கடைக்காரர் டியூபைக் கீழே வைத்தார். "அந்த லாரியில எங்க பெரியப்பா போனாரு சார். எங்கப்பா சாகற வரைக்கும் வீட்ல அந்தப் பேச்சை யாரும் எடுக்கக்கூடாது. ஏன் எதுக்குன்னு தெரியாமலே வளந்தேன். நீங்க காட்டினப்புறம்தான், ஓஹோ, ஒரு குடிகாரப் பயலால வந்ததா இதுன்னு ஒரு தெளிவு வந்துச்சு. மனசு ஆறுச்சுன்னே வெச்சுக்குங்களேன்."

வக்கீல் அங்கிருந்து நேராக நர்ஸம்மாவிடம் போனார். அங்கேயும் அதே கதைதான். பேத்தியோடு பார்த்தாராம், மூன்றாவது வருஷமோ நாலாவது வருஷமோ. "தத்ரூபமா இருந்துச்சுப்பா. இப்படித்தான் நடந்திருக்கும்னு அப்பவே நெனச்சேன்." தபால்காரர் காலமாகிவிட்டார். அவர் வீட்டு வாசல்வரை போய், மணியை அடிக்காமல் திரும்பினார். தானே பொய் சொல்லி, அந்தப் பொய்யை ஊரெல்லாம் ஊன்றிவிட்டு, பிறகு தானே போய் வாக்குமூலம் வாங்கி, தானே தீர்ப்பும் எழுதிவிட்டோம் என்று புரிந்தபோது, நடுத்தெருவில் நின்றுகொண்டு தன்னையே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. பின்னால் வந்த ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான்.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். மனைவி துணி மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"கோர்ட்ல பொய் சொன்னா ஃபீஸாவது குடுக்கறாங்க. நீங்க இங்க இனாமாச் சொல்லிட்டு வந்திருக்கீங்க."

"கிண்டல் பண்ற நேரமா இது?"

"கிண்டல் இல்லைங்க. அந்தச் சட்டையைத் தெச்சவ நான். எனக்கும் இதுல பங்கு இருக்கு. போய் அந்தம்மா கால்ல விழுங்க, போங்க."

போனார். இரண்டாவது மாடியில் நோட்டீஸம்மாவின் சின்ன வீடு. ஜன்னலோரம் நாற்காலி. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எழுபத்தெட்டு வயதுக்குக் கண்ணும் காதும் துல்லியம். மகள் அடுப்படிக்குப் போனதும் வக்கீல் ஆரம்பித்தார். சும்மாவா வந்திருப்பார்? ராத்திரி பகல் பாராமல் ஒரு கேஸையே கட்டி எடுத்துவந்திருந்தார். போன் பழுதாகியிருக்கலாம். கேட்டின் சங்கிலி இறுகியிருக்கலாம். லாரிக்காரன் கண்மூடித்தனமாக வந்திருக்கலாம். மாற்று ஆள் வராமல் இரண்டு ஆள் வேலையை ஒரே ஆள் பார்த்திருக்கலாம். எல்லாவற்றையும் அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"தம்பி, எங்கப்பா மேல தப்பே இல்லைன்னு சொல்லவா வந்தீங்க?"

"ஆமாம்மா. நிரூபிச்சுடலாம்னு தோணுது."

"வேணாம். தப்பு இருக்கு."

வக்கீல் கையிலிருந்த குறிப்புகளை மடித்துவைத்தார்.

"போன் வந்துச்சு. எடுத்துச் சரின்னாரு. நான் அங்கதான் இருந்தேன். பள்ளிக்கூடம் விட்டா நேரா கேபினுக்குத்தான் போவேன். வீட்டுப்பாடத்துல ஒரு கணக்கு வரல எனக்கு. அப்பா, இதைச் சொல்லித் தான்னு சட்டையைப் புடிச்சு இழுத்தேன். குனிஞ்சு சொல்லித் தந்தாரு. எனக்குப் புரியல, மறுபடி சொல்லித் தந்தாரு. கேட்டை மறந்துட்டாரு." அம்மா மூச்சு வாங்கிக்கொண்டார். "விசாரணையில மறந்துட்டேன்னுதான் சொன்னாராம். மறந்துட்டேன்னா என்னய்யா அர்த்தம்னு அதட்டினாங்களாம். ஏன் மறந்தேன்னு அவர் சொல்லவே இல்ல. கடைசிவரைக்கும் என்னை இழுக்கல. எங்கம்மாகிட்டகூடச் சொல்லல."

அடுப்படி வாசலில் நோட்டீஸம்மா தட்டோடு நின்றுகொண்டிருந்தார். இது அவருக்கும் புதிய செய்தி என்பது முகத்திலேயே தெரிந்தது.

"பதினோரு பேரு செத்தாங்க தம்பி. அதை யாராலயும் துடைக்க முடியாது. துடைக்கச் சொல்லவும் மாட்டேன். ஆனா அவர் குடிக்கல. எனக்கு அது ஒண்ணுதான் வேணும்."

"கல்லுல அந்த வரியை எடுத்துடறேன்மா. இன்னைக்கே போய்ப் பேசறேன்."

"கல்லை யாரு படிக்கிறாங்க? உங்களைத்தான் பாக்க வர்றாங்க. அதே சட்டையைப் போட்டுக்கிட்டு, அதே இடத்துல நின்னு, அவர் குடிக்கலைன்னு உங்க வாயால சொல்லுங்க. நான் வந்து உக்காந்து கேக்கறேன்."

வக்கீலுக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்கிறேன் என்று கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தார்.

நகராட்சித் தலைவரிடம் கல் விஷயம் முடிந்தது. முடிந்தது என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன், தலைவர் லேசில் விடவில்லை. "குடிக்கலைன்னா அப்புறம் என்ன சார் நடந்துச்சு?" "மறந்துட்டார்." "அது நாமளும்தான் தெனம் மறக்கறோம். அதைப் போய்க் கல்லுல எழுத முடியுமா? ஜனங்களுக்கு ஒரு பாடம் வேணாமா?" கடைசியில் இறந்தவர்களின் பெயரும் தேதியும் மட்டும் போதும் என்று ஒப்புக்கொண்டார். வக்கீல் எழுந்தபோது, "எதை வேணா மாத்துங்க சார், அந்த விழற சீன்ல மட்டும் கை வெச்சுடாதீங்க. என் பேரன் அதுக்குத்தான் வர்றான்" என்று சிரித்தபடி கையைக் குலுக்கினார்.

திறப்புவிழா நாளான ஞாயிற்றுக்கிழமை வந்தது. என்ன கூட்டம்! நாற்காலி போதாமல் தண்டவாள மேட்டிலும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். போலீஸ்காரர்கள் பேனர் கட்டியிருந்தார்கள், ஒலிபெருக்கிகூட வைத்திருந்தார்கள். முன் வரிசை ஓரத்தில் நோட்டீஸம்மாவும் அவருடைய அம்மாவும். அம்மா தேய்த்து மடிப்புக் கலையாத சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். இந்த வயதில் ஒரு மனுஷி இப்படி வந்து உட்கார வேண்டியிருக்கிறதே என்று வக்கீல் நினைத்துக்கொண்டார். காக்கிச் சட்டையின் பையில் பாட்டில் இல்லை. அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

ஆரம்பித்தார். போன், கொடி, விளக்கு எல்லாம் வழக்கம்போல. பதிவுசெய்த மணி ஒலித்தது. எடுத்து "சரி" என்றார், வைத்தார். இந்த இடத்தில்தான் பாட்டில் வரவேண்டும். வரவில்லை. ஒரு மனிதன் மறந்துபோவதை எப்படி நடித்துக் காட்டுவது? அந்தக் குழந்தையின் கதையைச் சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. அவராகக் கேட்கவும் இல்லை. கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சும்மா நின்றார். ஜனம் பொறுத்துப் பார்த்தது.

"சார், பாட்டிலை மறந்துட்டீங்களா?"

சிரிப்பு. தலைவரின் பேரன் நாற்காலிமேல் ஏறி நின்றான். "விழுங்க அங்கிள்! விழுங்க!"

வக்கீல் தொப்பியைக் கழற்றினார். "தயவுசெஞ்சு கேளுங்க. இவர் குடிக்கல."

"ஆஹா!" என்றது கூட்டம்.

"நிஜமாச் சொல்றேன். நான் குடிக்கல. அதாவது, இவர் குடிக்கல."

"எல்லாக் குடிகாரனும் இதைத்தான்யா சொல்றான்!"

அவ்வளவுதான், கொட்டகை இருந்திருந்தால் பிய்த்துக்கொண்டு போயிருக்கும், அப்படி ஒரு சிரிப்பு. அவர் குரலை உயர்த்தினார். பன்னிரண்டு வருஷமாக உங்களுக்குக் காட்டியது நானே கட்டிவிட்ட கதை என்றார். புத்தகத்தில் எழுதியதும் பொய் என்றார். சொல்லச் சொல்ல நாக்குக் குழறியது, கை நடுங்கியது, கண்ணில் தண்ணீர் வேறு. கோர்ட்டில் வாய்க்காத வேகமெல்லாம் அன்றைக்கு வந்தது. வந்து என்ன செய்ய? "என்னமா பண்றாரு பாருய்யா, பாட்டிலே இல்லாம!" என்று ஒருவர் பக்கத்திலிருந்தவரின் தொடையில் தட்டினார். பேச்சை முடித்தபோது கைதட்டல் காதைப் பிளந்தது. வக்கீல் முன் வரிசை ஓரத்தைப் பார்க்கத் துணியவில்லை.

அங்கேயிருந்து அம்மா எழுந்துவிட்டார். மகள் சேலையைப் பிடித்து இழுத்ததையும் பொருட்படுத்தாமல், மெதுவாக நடந்து வந்து கேபின் வாசலில், வக்கீலின் பக்கத்தில் நின்றார். கூட்டம் அடங்கியது. ஒலிபெருக்கிக்காரன் ஓடிவந்து மைக்கை நீட்டினான். அம்மா அதை வாங்கிக்கொள்ளவில்லை.

"இவர் எங்கப்பா" என்றார். "எங்கப்பா குடிக்கமாட்டாரு. நான்தான் அவரைக் கூப்பிட்டேன். எனக்கு அப்ப எட்டு வயசு. எனக்கு வீட்டுப்பாடம் சொல்லித் தந்துக்கிட்டு நின்னவரு, கேட்டை மறந்துட்டாரு. யாருகிட்டயும் சொல்லாம என்னைக் காப்பாத்திட்டுச் செத்துப்போனாரு. உங்க வீட்டு ஆளுங்க போனதுக்கு நான்தான் காரணம். என்னைத் திட்டுங்க. அவரைக் குடிகாரன்னு சொல்லாதீங்க." எழுபது வருஷமாகத் தேக்கிவைத்த அழுகை அப்போதுதான் வந்தது. முகத்தைக் கூட மூடிக்கொள்ளாமல் அழுதார்.

 பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். சைக்கிள் கடைக்காரர் தேம்பித் தேம்பி அழுதார். பிறகு மேட்டிலிருந்து யாரோ கையைத் தட்டினார்கள். உடனே எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். விசில் பறந்தது. இப்படி ஒரு கைதட்டலை அந்தக் கேட் பார்த்ததே இல்லை. தலைவர் மேலே ஏறி வந்து, வக்கீலுக்கென்று வாங்கி வைத்திருந்த பூங்கொத்தை அம்மாவின் கையில் திணித்துவிட்டு, வக்கீலின் காதருகே குனிந்தார்.

"எங்க சார் புடிச்சீங்க இந்தம்மாவை? நெஜமாவே அழறாங்களே!"

"இவங்க நிஜம் சார்" என்றார் வக்கீல். "சத்தியமா இவங்க நிஜம்."

"அதான் நானும் சொல்றேன்" என்று தலைவர் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

மேட்டில் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தவர்கள் கத்த ஆரம்பித்தார்கள். "இன்னொரு தடவை! பாட்டிம்மா, இன்னொரு தடவை!" நோட்டீஸம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார். வக்கீல் அம்மாவின் தோளைத் தொட்டு, வாங்கம்மா, போயிடலாம் என்று கெஞ்சினார். அம்மா பூங்கொத்தை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இருங்க தம்பி" என்றார். "பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கல போலிருக்கு."

தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சத்தமாக, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.